ஏழாம் எண் பிளேட்

பயிற்சி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வாத்தியார்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஆபீசில் கேட்டார்கள். எதற்காகக் கேட்டார்கள் என்று எனக்கு இன்னமும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. பதினொரு வருஷம் அங்கே வேலை பார்த்தபோது என் பேச்சை யாரும் குறித்து வைத்துக்கொண்டதில்லை. ரிட்டையர் ஆன மறு மாதமே என் அனுபவத்துக்கு விலை ஏறிவிட்டது. போகட்டும். வெல்டிங்கை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்வீர்கள். புத்தகத்தில் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அது நான் செய்த ஒரு தப்பு. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் சுரங்கத்தில் முப்பது வருஷம் வெல்டராக இருந்தவன். அதற்குப் பிறகுதான் இந்த மையத்துக்கு வந்தேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘எக்ஸ்ரே’. வெல்டு வைத்த இடத்தில் உள்ளுக்குள் ஓட்டை உடைசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நம் தொழிலில் வழக்கம். நான் ஆளையே அப்படிப் பார்க்கிறேனாம். மாமா கல்யாணம் என்று லீவு கேட்டால் பத்திரிகையைக் கொண்டு வா என்பேன். பத்திரிகை வந்தால் அதில் மாப்பிள்ளை ஊர் எது என்று கேட்பேன். காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். என் மனைவி, “வூட்டுல மட்டுமாவது எக்ஸ்ரேவ ஆஃப் பண்ணி வைங்க” என்பாள். அவள் இந்தப் பக்கத்துக்காரி. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். நெய்வேலி டவுன்ஷிப்பில் இப்படித்தான், ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு ஊர் இருக்கும்.

இந்தச் சந்தேக புத்தி ஒருமுறை எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறேன் என்று ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் இரண்டு செல்போன். எட்டுப் பையன்களைத் தேர்ந்தெடுத்து அவர்களுடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டார். “உங்க கம்பெனியில எந்த ராடு ஓட்டுறீங்க?” என்று சும்மா கேட்டேன். “நல்ல ராடுதான் சார்” என்றார். வெல்டர் எடுக்க வந்தவருக்கு வெல்டிங் ராடின் நம்பர் தெரியவில்லை. கேட்டைச் சாத்தச் சொல்லி எட்டுப் பாஸ்போர்ட்டையும் எண்ணி வாங்கிய பிறகுதான் அவரை வெளியே விட்டேன். அதே ஆளை நம்பி வேறு ஊரிலிருந்து போன பையன்கள் அங்கே கக்கூஸ் கழுவிக்கொண்டிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அதிலிருந்து என் சந்தேகத்துக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. நான் ஒன்றைச் சந்தேகப்பட்டால் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

ரோஸ்லினைச் சேர்க்கை நாளில்தான் முதலில் பார்த்தேன். வெல்டிங் பிரிவுக்கு விண்ணப்பம் போட்ட ஒரே பெண். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம். வயசு பத்தொன்பது. அப்பா இல்லை. கூட வந்திருந்த அம்மா முந்திரி உடைக்கும் தொழில் செய்பவர். நம் மையத்துக்கு வருகிற பிள்ளைகள் எல்லாரும் ஏறக்குறைய இப்படித்தான். வீட்டில் யாருக்கும் நிரந்தர வேலை கிடையாது, பள்ளிக்கூடத்துக்கு மேல் படிக்க வழி கிடையாது. ஆறு மாதத்தில் கையில் ஒரு தொழில் கிடைக்கும் என்று நம்பி வருகிறவர்கள். ஆனால் எனக்கு அப்போது தோன்றியது வேறு. யாரோ சொல்லிக்கொடுத்து யூனிஃபார்முக்காகவும் மத்தியானச் சாப்பாட்டுக்காகவும் பெயர் கொடுக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

“பொண்ணுங்களுக்குத் தையல் இருக்கே, ஏம்மா வெல்டிங்?” என்று கேட்டேன்.

அவள் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பி மேசைமேல் வைத்தாள். உள்ளங்கை முழுக்கக் கறுத்து, தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வடிகிற எண்ணெய் பட்டால் கை அப்படித்தான் ஆகும்.

“எங்கையி இந்த மாதிரி ஆவக்கூடாதுங்க. வெல்டிங்குல நெருப்பு பட்டா புண்ணு ஆறிடும். இது ஆறவே ஆறாதுங்க” என்றாள்.

நல்ல பதில்தான். யார் எழுதிக் கொடுத்தார்களோ என்று நினைத்துக்கொண்டே சேர்த்துக்கொண்டேன்.

முதல் பத்து நாள் எல்லாரும் வெளியே நீள மேசையில் பழகுவார்கள். ராடைக் கவ்வியிருக்கும் ஹோல்டரை வலது கையில் பிடித்து இடமிருந்து வலமாக இழுப்பது. அது முடிந்ததும் ஆளுக்கொரு பூத். மறைப்புக்குத் திரை போட்ட சின்னத் தடுப்பு அறைகள், உங்களுக்குத் தெரியும். பதின்மூன்று பையன்களுக்கு நடுவில் ஒரு பெண்ணை எங்கே விடுவது? பையன்கள்மேலும் எனக்குச் சந்தேகம்தான். ஆகவே அவளைக் கடைசி பூத்தில் போட்டேன். தனியாக இருக்கும், பக்கத்திலேயே பின்கதவு, கதவைத் தாண்டினால் பெண்களுக்கான கழிப்பறை. பத்திரமான இடம் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். நம் ஷெட் ஒரு காலத்தில் ஸ்டோராக இருந்தது. கூரையைத் தாங்கும் சிமெண்டுத் தூண் ஒன்று அந்தக் கடைசி பூத்துக்குள் துருத்திக்கொண்டிருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த பூத்துக்குள் நான் ஒருநாளும் போய் உட்கார்ந்ததில்லை. பெண் பிள்ளை இருக்கிற இடத்தில் திரையை விலக்கிப் பார்ப்பது சரியில்லை என்று வெளியிலேயே நின்று, “என்னம்மா, ஆச்சா?” என்று குரல் கொடுப்பேன். செய்த பிளேட்டை அவள் வெளியே நீட்டுவாள். நான் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவேன். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவன், பார்க்க வேண்டிய ஒரே இடத்தை மரியாதை கருதிப் பார்க்காமல் விட்டேன்.

இறுதித் தேர்வுக்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். நீங்கள் இப்போதும் அதைத்தான் பின்பற்றுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு பிளேட்டைச் சேர்த்து வெல்டு வைக்க வேண்டும். யாரும் பிளேட்டை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக, தேர்வுக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் உரிய எண்ணை நானே என் சொந்தப் பஞ்சால் பிளேட்டின் ஓரத்தில் அடித்துவிடுவேன். பஞ்சு என்றால், நுனியில் எண் செதுக்கிய சின்ன இரும்புத் துண்டு, சுத்தியலால் தட்டினால் எண் பதியும். அந்தப் பெட்டியை பீரோவில் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டாத குறையாக வைத்திருப்பேன். எண் தன்னைப் பார்த்து நேராக இருக்கும்படி வைத்துக்கொண்டுதான் வெல்டு வைக்க வேண்டும். ரோஸ்லின் எண் ஏழு.

அந்த பேட்சில் ஐந்து பேரை எடுப்பதாக ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்று ஒப்புக்கொண்டிருந்தது. தங்க இடம், சாப்பாடு, ஒரு வருஷம் தாண்டினால் பெர்மனன்ட். பெண்கள் தங்கவும் தனி விடுதி உண்டு. பட்டியலை நான்தான் அனுப்ப வேண்டும்.

தேர்வு காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு நின்று பிறகு மூன்று மணி வரை நடந்தது. சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கம் ஒரு பைக் நிற்பதைப் பார்த்தேன். தெரிந்த பைக். ரோஸ்லினின் அக்கா வீட்டுக்காரர் சவரியுடையது. சவரி கான்ட்ராக்ட் வெல்டர். மைன்ஸில் இயந்திரத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை நடக்கும்போது என்கீழ் பலமுறை வேலை பார்த்தவர். இடதுகைக்காரர். அவர் வைத்த வெல்டை நூறு வெல்டுக்கு நடுவில் போட்டாலும் நான் காட்டிவிடுவேன். கையெழுத்து மாதிரி, வெல்டிலும் ஆளுக்கு ஆள் ஒரு சாயல் உண்டு. உருகி உறைந்த இரும்பு சின்னச் சின்ன அலையாகப் படிந்திருக்கும். கை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்பதை அந்த அலை சொல்லிவிடும்.

மூன்று மணிக்குப் பதினாலு பிளேட்டும் என் மேசைக்கு வந்தன. ஏழாம் எண்ணை எடுத்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவு அழகான வெல்டு. மற்ற பதின்மூன்றும் அதன் பக்கத்தில் வைக்கக் கூசும். எண் நேராக வரும்படி பிடித்துப் பார்த்தேன். அலைகள் வலமிருந்து இடமாக ஓடியிருந்தன. இடதுகைக்காரர் வெல்டு. அலையின் நெருக்கம், ஓரத்தில் ஒரு நொடி நின்று நகரும் பழக்கம், எல்லாம் சவரியின் கை. மத்தியானம் நின்ற பைக். பக்கத்தில் பின்கதவு. எக்ஸ்ரே எடுத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அவளைக் கூப்பிட்டேன். பையன்களும் சுற்றி நின்றார்கள். போகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

“இது யாரு அடிச்சது?”

“நாந்தான் சார்.”

“உங்க மாமா மத்தியானம் எதுக்கு வந்தாரு?”

“சோறு எடுத்துகினு வந்தாரு சார். அக்கா குடுத்தனுப்புச்சி.”

“முன்கேட்டு இருக்கும்போது பின்கதவு வழியா ஏன் வரணும்?”

“என் பூத்து அங்கதானே சார் இருக்குது.”

பதில் நியாயமாக இருந்தது. எதிரில் இருப்பவர் நியாயமாகப் பதில் சொன்னால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடும். முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறாள் என்று தோன்றும்.

“சரி. இப்ப என் கண்ணு முன்னாடி ஒண்ணு அடிச்சுக் காட்டு.”

“அடிக்கிறேன் சார்” என்றாள் உடனே. பிறகு, “அந்தப் பூத்துலயே அடிக்கட்டுமா சார்?” என்றாள்.

திரைக்குப் பின்னால், பின்கதவுக்குப் பக்கத்தில், அந்த பூத்திலேயேதான் வேண்டுமாம்! எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. “வேண்டாம். முதல் பூத்துல, திரையைத் தூக்கிக் கட்டிட்டு அடி. எல்லாரும் பாக்கட்டும்” என்றேன். ஃபிட்டர் பிரிவு வாத்தியார் ஒருவர் மட்டும் என் காதருகே வந்து, “ஒருதடவ அது கேக்குற எடத்துலயே விட்டுப் பாருங்களேன் சார்” என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தேன்.

அவள் முதல் பூத்தில் போய் நின்றாள். ஹோல்டரை இடது கையில் எடுத்தாள்.

இப்போது எழுதும்போதுகூட அந்த இடத்தில் என் பேனா நிற்கிறது. என் கண் முன்னாலேயே உண்மையை எடுத்துக் காட்டினாள். நான் பார்த்தது என்ன தெரியுமா? “பாத்தீங்களா, மாமா மாதிரி பிடிக்கிறதுக்கு மட்டும் ட்ரெயினிங் எடுத்திருக்கா” என்றேன். பையன்கள் சிரித்தார்கள்.

“சார், இது வந்து...” என்று ஆரம்பித்தாள்.

“வலது கையில பிடி. நான் சொல்லிக்குடுத்த மாதிரி.”

“சார்...”

“பிடின்னா பிடி.”

வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். ராடு பிளேட்டில் இரண்டு தடவை ஒட்டிக்கொண்டது. வெல்டு கோணல் மாணலாக, நடுவில் அறுந்து அறுந்து வந்தது. அதை வைஸ் இடுக்கியில் வைத்து மடக்கினேன். நல்ல வெல்டு உடையாமல் மடங்கும், இது பாதியிலேயே விண்டு போயிற்று. அந்தத் துண்டை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பின்கதவு வழியாகப் போனாள். பட்டியலில் அவள் பெயரை எழுதவில்லை. ஐந்து பேர் போக வேண்டிய இடத்துக்கு நாலு பேர் போனார்கள். ஏழாம் எண் பிளேட்டை ஆதாரம் என்று சொல்லி பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, அடுத்த பேட்ச் தொடங்கும் முன் பூத்துகளைச் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி பூத்தில் எர்த் ஒயர் தளர்ந்திருந்தது. அதை இறுக்கிவிட்டு, கரண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்க ஸ்டூலில் உட்கார்ந்து ஹோல்டரை வலது கையில் பிடித்தேன். முழங்கை ‘ணங்’ என்று தூணில் இடித்தது. ஸ்டூலை நகர்த்தினேன், மறுபடியும் இடித்தது. திரும்பி உட்கார்ந்தால் முதுகு சுவரில் முட்டியது. வலது கையை அங்கே ஒரு சாண்கூட இழுக்க முடியாது. தூணில் ஒரு இடத்தில் மட்டும் சுண்ணாம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. முழங்கை உயரம். யாரோ இடித்து இடித்துப் பார்த்து, முடியாமல் கைவிட்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. பூத் கொடுத்த முதல் வாரத்தில் ரோஸ்லின் என்னிடம் வந்து, “தூணு இடிக்குது சார்” என்றாள். நான் வேறு வேலையில் இருந்தேன். “நாளைக்கு பாய்லருக்குள்ள படுத்துக்கிட்டு வெல்டு வைக்கணும், அங்கயும் இடிக்குதுன்னு லெட்டர் எழுதுவியா? கைக்கு வழி நீதான் பாத்துக்கணும்” என்றேன். சொன்னதை அப்போதே மறந்தும்விட்டேன்.

அவள் மறக்கவில்லை. கைக்கு வழி பார்த்துக்கொண்டாள். ஸ்டூலுக்கு இடப்பக்கம் ஒயர் தொங்க, எரிந்த ராடை வளைத்து ஒரு கொக்கி மாட்டியிருந்தாள். கீழே பலகைக்கு அடியில் அவள் பழகிய பிளேட்டுகள் அடுக்கியிருந்தன. பழகும் பிளேட்டில் நான் எண் அடிப்பதில்லை. எது தலை எது கால் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அவளோ ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் தேதி எழுதி வைத்திருந்தாள். தேதி நேராக வரும்படி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் வலமிருந்து இடம். ஆரம்பத்தில் இருந்தவை பார்க்கச் சகிக்காது, குழந்தை கிறுக்கின மாதிரி. போகப் போக நேராகி, கடைசி வாரத்தில் சவரியின் கையே வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? இடது கையால் வெல்டு வைக்க இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரிடம் போய்க் கற்றுக்கொள்வாள்?

பீரோவைத் திறந்து ஏழாம் எண் பிளேட்டை எடுத்தேன். நான் அதை மடக்கிக்கூடப் பார்த்திருக்கவில்லை. அதிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து வைஸில் வைத்து மடக்கினேன். வெற்றிலை மாதிரி மடிந்தது. ஒரு கீறல் இல்லை. அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு திரும்ப அந்த ஸ்டூலுக்கே போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனது ஒரு முந்திரிக் கொட்டகைக்கு. நான் எதைப் பார்க்கப்போகிறேன் என்று போகும்போதே தெரிந்துவிட்டது. வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து கொட்டையைக் கல்லில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் ரோஸ்லின். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது.

“அந்தப் பூத்துக்குள்ள போய் உக்காந்து பாத்தேம்மா. உன் பிளேட்ட மடக்கியும் பாத்தேன். விரிசல் விடல” என்றேன்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும் சார்.”

“நான் பண்ணது தப்பு. மன்னிச்சிடு.”

எனக்கு அழுகை வந்தது. அறுபது வயசு தாண்டியவன் முந்திரிக் கொட்டகை வாசலில் நின்று அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவள் அழவில்லை.

“நான் திருடின்னு அத்தினி பேரு முன்னாடி சொன்னீங்க சார். இத யாரு முன்னாடி சொல்லப் போறீங்க?” என்று கேட்டாள்.

உள்ளேயிருந்து அவள் அம்மா, “வெய்யில்ல வந்துகிறாரு, சாருக்குத் தண்ணி குடு” என்றார். அந்தக் கறுத்த கையால்தான் ரோஸ்லின் சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

அன்றே ஓசூர்க் கம்பெனிக்கு போன் போட்டேன். ஆள் எடுக்கும் அதிகாரியிடம் நடந்ததை விவரமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் நிதானமாக, “உங்களுக்கு வேண்டிய பொண்ணா சார்?” என்றார்.

எத்தனை பேரிடம் நான் கேட்ட கேள்வி! என் வாயிலிருந்து போனது சுற்றிவிட்டு என் காதுக்கே வந்து சேர்ந்தது. உண்மையைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் நம்பாமல் உதட்டைப் பிதுக்கினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. “வேண்டிய பொண்ணு இல்ல சார். அந்தப் பொண்ணோட வேலையக் கெடுத்தவன் நான்” என்றேன். அவர், “வெல்டு வைக்கிறத முதல்லருந்து கடைசி வரைக்கும் நிறுத்தாம வீடியோ எடுத்து அனுப்புங்க. முகமும் தெரியணும், கையும் தெரியணும். அது சரியா இருந்தா இங்க வரச் சொல்லி நாங்களும் ஒரு டெஸ்ட் வெப்போம்” என்றார். அவரும் ஒரு எக்ஸ்ரேதான். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஸ்லின் வந்தாள். சவரிதான் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரச் சொன்னேன்.

“வேணாங்க சார். நான் உள்ள வந்தா, அப்புறம் நாந்தான் அடிச்சேன்னுடுவீங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சுருக்கென்று தைத்தது.

பிளேட்டை எடுத்து வைத்து, வழக்கம்போலப் பஞ்சுப் பெட்டியைத் திறந்தேன். ரோஸ்லின் கையை நீட்டினாள்.

“நம்பர நானே அடிச்சிக்கிறேன் சார்.”

அந்தப் பெட்டியை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. கொடுத்தேன். ஏழைத் தேடி எடுத்தாள். சுத்தியலால் ஒரே போடு. எண் ஆழமாகப் பதிந்தது.

கடைசி பூத்துக்குள் என்னால் பாதிதான் நுழைய முடிந்தது. தூணுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நின்றுகொண்டு, ஒரு கையில் செல்போனையும் இன்னொரு கையால் அதன்முன் கறுப்புக் கண்ணாடியையும் பிடித்தேன். வீடியோ ஓடத் தொடங்கியதும் அவள் வெல்டு வைக்கும் முன் நான் பேசினேன். என் பெயரைச் சொல்லி, இந்தப் பெண் ஏமாற்றினாள் என்று பதின்மூன்று பேர் முன்னால் நான் சொன்னது பொய், அவளுக்கு இப்படி ஒரு பூத்தைக் கொடுத்தது நான், அதைப் போய்ப் பார்க்காததும் நான் என்றேன். அவள் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில் அதுதான். கம்பெனிக்கு அனுப்பிய அந்த வீடியோவையே அந்த பேட்ச் பிள்ளைகளின் வாட்ஸாப் குரூப்பிலும் போட்டேன்.

நான் பேசி முடித்ததும் அவள் இடது கையில் ஹோல்டரை எடுத்தாள். ஆறு மாதமாகத் திரைக்கு இந்தப் பக்கம் நின்று “ஆச்சா?” என்று கேட்டுக்கொண்டிருந்தவன் அன்றுதான் அவள் வேலை செய்வதைப் பார்த்தேன். தோள் அசையவில்லை, மணிக்கட்டு மட்டும் நகர்ந்தது. மூன்று வாரம் ஹோல்டரைத் தொடாத கை. அதில் முந்திரி எண்ணெயின் கறை. ராடு ஒருமுறைகூட ஒட்டவில்லை. நான் பாராட்டவில்லை. பாராட்டும் யோக்கியதை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

ஓசூரில் அவர்கள் வைத்த டெஸ்டிலும் தேறினாள். இப்போது அங்கே பெர்மனன்ட். ஆள் போக முடியாத இண்டு இடுக்கில் வேலை என்றால் அவளைத்தான் கூப்பிடுகிறார்களாம், வலது கையையும் பழக்கிக்கொண்டு இப்போது இரண்டு கையாலும் வைப்பாள் என்று. அம்மா முந்திரி உடைக்கப் போவதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகிறது. இதெல்லாம் சவரி சொல்லித் தெரிந்துகொண்டது. அவள் எனக்கு ஒருமுறைகூட போன் செய்ததில்லை. செய்ய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

சந்தேகப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. நம் பிள்ளைகளைச் சுற்றி ஏமாற்ற வருகிற ஆட்களுக்குக் குறைவே கிடையாது. வேலை தருகிறேன் என்று வருகிறவரைச் சந்தேகப்படுங்கள். பளபளப்பான காகிதத்தைச் சந்தேகப்படுங்கள். ஆனால் ஒரு பிள்ளையைச் சந்தேகப்படும் முன்பு அந்தப் பிள்ளை உட்கார்ந்த ஸ்டூலில் ஒருமுறை போய் உட்காருங்கள், முழங்கை எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். கடைசி பூத்தை இப்போது சாமான் வைக்க விட்டுவிட்டோம். திரும்ப யாரையும் அதில் போடாதீர்கள்.

இன்னொரு விஷயம். பஞ்சுப் பெட்டியை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறேன். அதில் ஏழு இருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமை எண் அடித்து முடித்ததும் ரோஸ்லின் அதைப் பெட்டியில் வைக்காமல் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்தேன். கேட்கவில்லை. புது செட் வாங்கித் தருகிறோம் என்று ஆபீசில் எத்தனையோ தடவை சொன்னார்கள், நான்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். நீங்களும் வாங்காதீர்கள். பதினாலு பேர் இருக்கிற பேட்சில் ஏழு ஒரு தடவைதான் வரும். அந்த ஏழாவது பிள்ளையிடம் எண் இல்லாத பிளேட்டைக் கொடுத்து அனுப்புங்கள், அது எதைக் கொண்டுவந்து கொடுக்கிறதோ அதை நம்பி வாங்கிக்கொள்ளுங்கள்.